நரி காட்டிய வழி



சென்ற மாதம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காக்கையும் வடையும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நரி காக்கையைப் பாடச் சொல்லி, விழுந்த வடையைக் கவ்விக்கொண்டு ஓடிய இடம் வந்ததும் முன் வரிசைச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், நல்ல நரியே கிடையாதா?" என்று கேட்டாள்.

நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன். நம் கதைகளில் நரிக்கு நல்ல பெயர் ஏது? ஆட்டை ஏமாற்றும்; நீலச் சாயத் தொட்டியில் விழுந்து எழுந்து ராஜா வேஷம் போடும்; எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொல்லும். ஆனால் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் ஒருவனுக்கு எதிர்பாராத நன்மை கிடைத்தால், "இன்றைக்கு நரி முகத்தில் விழித்தாயோ?" என்று நம் பாட்டிமார் கேட்பார்கள். இத்தனை பொல்லாத நரியின் முகத்துக்கு அந்த ராசி எப்படி வந்தது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல நரியைக் காட்ட வேண்டுமே என்று அன்று ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சொன்னது பாதி. மீதியைப் பெரியவர்களாகிய உங்களுக்குச் சொல்கிறேன்.

1942ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. நம் நாட்டில் ஜப்பான்காரன் ஜொகூர் வரை வந்துவிட்ட நேரம். பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூருக்குள் ஒதுங்கிக்கொண்டு, ஜனவரி 31ஆம் தேதி கடற்பாலத்தை வெடிவைத்துப் பிளந்தன. அதே நாட்களில், பூமியின் மறுபக்கத்தில், வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைகளில் கடும் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. அந்தப் புயலுக்குள் ஆறு பேருடன் ஒரு குண்டுவீச்சு விமானம் பறந்துகொண்டிருந்தது. ஆறு பேரும் போலந்து நாட்டவர்கள்.

போலந்துக்காரர்களுக்கு இங்கிலாந்து வானத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

1939 செப்டம்பர் முதல் தேதி ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி ரஷ்யா கிழக்கிலிருந்து நுழைந்தது. இரண்டு பேர் இழுத்த வேட்டி போல அந்த நாடு கிழிந்தது. தோற்றுப் போன நாட்டின் விமானப்படைக்காரர்களில் பலர் சரணடையவில்லை. ருமேனியா வழியாகவும் ஹங்கேரி வழியாகவும் தப்பி, முகாம்களிலிருந்து நழுவி, பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் பிரான்சும் விழுந்தது. அங்கிருந்து கப்பல் பிடித்துப் பிரிட்டனுக்கு வந்தார்கள். இனி ஓடுவதற்கு வேறு நிலம் இல்லை. ஆகவே பிரிட்டனை அவர்கள் கடைசி நம்பிக்கையின் தீவு என்றே தங்களுக்குள் அழைத்தார்கள்.

வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கிலோமீட்டரில் கணக்குப் போட்டவர்கள் மைலில் போடப் பழக வேண்டும். வேகத்தைக் கூட்டுவதற்கு விசைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பழகிய விமானிகளுக்கு, பிரிட்டிஷ் விமானத்தில் அதை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. கைக்கு வந்த பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நம்மில் மரம் வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு பக்கம் சாய்த்து வெட்டிய கையை மறுபக்கம் வெட்டச் சொன்னால் பட்டையிலே காயம்தான் விழும். ஆனாலும் அவர்கள் பழகினார்கள். 1940 செப்டம்பர் மத்தியிலேயே 300, 301 என்ற எண்களைக் கொண்ட இரண்டு போலந்துக் குண்டுவீச்சுப் படைப்பிரிவுகள் போருக்குப் புறப்பட்டுவிட்டன.

அந்தப் பிரிவுகள் உருவானது பிராம்கோட் என்ற இடத்து விமானத் தளத்தில். பின்பு அங்கே ஒரு பயிற்சிப் பிரிவு நடந்தது. நான் சொல்லும் விமானம் புறப்பட்டது அங்கிருந்துதான். அது போர்ப் பயணம் அல்ல, பயிற்சிப் பயணம். அன்று எதிரி யாரும் அவர்களைச் சுடவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போரில் செத்தவன் என்றால் குண்டடிபட்டுச் செத்தவன் என்றே நாம் நினைக்கிறோம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் அந்தப் போரில் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் முகத்தையே காணாமல், பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள்.

அது வெலிங்டன் ரக விமானம். இரண்டு இயந்திரங்கள்; இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 86 அடி. அதன் உடம்பைப் பற்றிக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தகரம் அடித்த கூடு அல்ல அது. நம் ஊர்ப் பிரம்புக் கூடை முடைவது போல, குறுக்கும் நெடுக்குமாக அலுமினியக் கலவைப் பட்டைகளைப் பின்னி, அதன் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, விறைப்பாக நிற்பதற்கு ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியியலாளரின் யோசனை அது. கூடையில் நாலு பிரம்பு அறுந்தாலும் கூடை உடையாது அல்லவா? அதுபோல, உடம்பெல்லாம் ஓட்டை விழுந்தும் வீடு வந்து சேர்ந்த வெலிங்டன்கள் உண்டு. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

ஆனால் கூடை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மலையில் மோதினால் என்ன ஆகும்?

மேகத்துக்குள் புகுந்துவிட்ட விமானிக்கு அந்தக் காலத்தில் இருந்த துணை, திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், கொஞ்சம் கணக்கு. இத்தனை மைல் வேகத்தில் இந்தத் திசையில் இத்தனை நிமிஷம் பறந்தால் இந்த இடத்தில் இருப்போம் என்று போட வேண்டும். ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். பேராக் ஆற்றில் சம்பான் வலித்தவர்களுக்கு இது தெரியும். எதிர்க்கரைத் துறைக்கு நேராக வலித்தால் துறைக்குக் கீழே எங்கோதான் போய் ஒதுங்குவோம். தரை தெரிந்தால் தவறைத் திருத்திக்கொள்ளலாம். மேலும் பனி, கீழும் பனி என்றால் கணக்கை மட்டுமே நம்பிப் பறக்க வேண்டும்.

யார்க்‌ஷயரின் வார்ஃப் நதிப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் பக்டன் பைக் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 702 மீட்டர். நம் கேமரன் மலையின் தானா ராத்தா பட்டணம் இதைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஆகவே அதைப் பெரிய மலை என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மரம் கிடையாது, புல்லும் சதுப்பும், ஆட்டுப்பட்டிக்காரர்கள் கல்லை அடுக்கிக் கட்டிய நீண்ட எல்லைச் சுவர்களும்தான். பனி மூடிவிட்டால் சுவர் எது, சரிவு எது, வானம் எது என்று தெரியாது. அந்த முகட்டில்தான் விமானம் மோதியது.

வால்பகுதி முறிந்து தனியே விழுந்தது. அந்த வாலில் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜோசப் ஃபுஸ்னியாக், பின்புறப் பீரங்கிக்காரர். இந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஐந்து பேரும் விமானத்தின் முன்பாதியில் அருகருகே இருப்பார்கள். இவர் மட்டும் வால் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியே உட்கார்ந்திருப்பார். முகம் பின்பக்கம் பார்த்திருக்கும். தோழர்களைக் காண முடியாது. காதில் மாட்டிய கருவி வழியே அவர்கள் குரல் மட்டும் கேட்கும். எதிரி விமானம் பின்னாலிருந்து வந்தால் முதல் குண்டு இவருக்குத்தான். ஆகவே யாரும் ஆசைப்படாத இடம் அது. அன்று மலையில் மோதியபோது அந்த ஆகாத இடம்தான் அவர் உயிரைக் காத்தது.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அப்படியே முன்பகுதிக்குப் போய்ப் பார்த்தார். நான்கு பேர் இறந்து கிடந்தார்கள். ஐந்தாமவர், வானொலி இயக்குபவரான யான் சடோவ்ஸ்கி, உயிரோடு இருந்தார். ஆனால் எழுந்து நடக்கும் நிலையில் இல்லை.

இந்த இடத்தில் நான் வகுப்பில் கொஞ்சம் நிறுத்தினேன். உங்களிடமும் நிறுத்துகிறேன்.

நண்பன் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனோடு இருந்தால் விடிவதற்குள் இருவருமே விறைத்துப் போகலாம். விட்டுப் போனால் அவன் தனியே கிடப்பான். போகிறவனுக்கோ ஒரு கால் முறிந்திருக்கிறது, ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாது, எந்த மலை என்றுகூடத் தெரியாது. தப்பான திசையில் இறங்கினால் இருவருக்கும் முடிவு ஒன்றுதான். உட்கார்ந்திருப்பது பாசமா, எழுந்து போவது பாசமா? பத்துப் பெரியவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டாலும் இரண்டு பக்கமும் நியாயம் பேசுவார்கள். அந்த இளைஞனுக்கு யாரைக் கேட்கவும் நேரம் இல்லை. நண்பருக்கு ஆன மட்டும் குளிர் தாக்காமல் செய்துவிட்டு, உதவி தேடிப் புறப்பட்டார்.

வெள்ளை வெளியில் ஒரு அடையாளமும் இல்லை. அப்போதுதான் புதுப்பனியில் வரிசையாகப் பதிந்த சிறு காலடிகள் அவர் கண்ணில் பட்டன. நரியின் காலடி. நம் குள்ளநரி அல்ல, அந்த நாட்டுச் செந்நரி. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எந்த நரியையும் படத்தில் பார்த்ததோடு சரி. ஆகவே கரும்பலகையில் அந்தத் தடத்தை வரைந்து காட்டினேன்.

அவர் யோசித்தது இதுதான்: இந்தக் குளிரில் மலைமேல் நரிக்குத் தின்ன ஒன்றும் இராது. பசித்த நரி எங்கே போகும்? கோழி இருக்கும் இடத்துக்கு, ஆட்டுக்குட்டி இருக்கும் இடத்துக்குப் போகும். அப்படியென்றால் மனிதன் இருக்கும் இடத்துக்குப் போகும்.

படித்தவர்கள் செய்யும் கணக்கெல்லாம் புயலில் தவறிப் போனபின், பசியைப் பற்றிய இந்த ஒரு கணக்குத் தவறவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுவே. பசி எந்தப் பக்கம் நடக்கும் என்பது தெரிந்தவனுக்குத்தான் அந்தக் காலடி வழியாகத் தெரியும். மற்றவனுக்கு அது வெறும் பள்ளம்.

முறிந்த காலோடு அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, விழுந்தும் எழுந்தும் தவழ்ந்தும் இறங்கினார். தடம் அவரைக் கிரே என்ற சின்னஞ்சிறு ஊரின் பக்கம் கொண்டுவந்து விட்டது. அங்கே ஒரு சத்திரம், சில வீடுகள், அவ்வளவே. சத்திரத்துக் குடும்பம் அவரை உள்ளே தூக்கிப் போட்டது. அந்த நாளில் வாய் திறந்தால் அன்னியப் பேச்சு வரும் ஒரு விமானப்படை ஆள் பனியிலிருந்து கதவடியில் வந்து விழுந்தால், ஜெர்மானியனோ என்று யாருக்கும் சந்தேகம் வரும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகு கதவைத் திறப்போம் என்று அவர்கள் இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கும் உங்களுக்கும் வந்திராது.

மலைமேல் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது சடோவ்ஸ்கியும் இறந்திருந்தார். ஆறு பேரில் ஐந்து பேர் போனார்கள்.

ஃபுஸ்னியாக் பிழைத்தார். போர் முடிந்தது. ஆனால் போலந்துக்காரர்களுக்கு அது முடிந்த விதம் வேறு. வென்றவர்கள் பக்கத்தில் நின்று சண்டை போட்டார்கள். வென்ற பின் அவர்கள் நாட்டின் கிழக்குப் பாகம் ரஷ்யாவோடு போய்விட்டது, மீதியில் ரஷ்யாவின் சொல்லைக் கேட்கும் அரசாங்கம் வந்து உட்கார்ந்தது. 1946 ஜூன் 8ஆம் தேதி லண்டனில் பெரிய வெற்றி ஊர்வலம் நடந்தது. இங்கிலாந்தின் பக்கம் நின்று போரிட்ட போலந்துப் படைகளை அதில் நடக்கவிடவில்லை. விமானிகள் 25 பேரை மட்டும் வரச் சொன்னார்கள். மற்றவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வருவதா என்று அவர்களும் மறுத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு அழைக்கும்போது அண்ணனை வாசலில் நிறுத்தித் தம்பிக்கு மட்டும் இலை போட்டால், மானமுள்ள தம்பி உட்காருவானா?

ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்கள். ஃபுஸ்னியாக்கும் அப்படித் தங்கினார். வேலை, வீடு, குடும்பம் என்று காலம் ஓடியது. 1973ஆம் ஆண்டு, விபத்து நடந்து 31 ஆண்டுகள் கழித்து, அதே மலையின் முகட்டுக்குச் சிலுவை ஒன்றைக் கொண்டுவந்து நிறுவினார். அதன் அடிபீடத்தில் அந்த விமானத்தின் உடைந்த துண்டுகளைப் பதித்தார். அதில் எழுதியிருப்பது சில வரிகளே. கடவுளுக்கும், அந்தச் சத்திரத்துக் குடும்பத்துக்கும், ஊர் மக்களுக்கும் நன்றி. இங்கே இறந்த ஐந்து போலந்து விமானப்படையினரின் நினைவு. கீழே தன் பெயரைப் போடவில்லை. பிழைத்தவன் என்ற பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் போட்டார்.

சிலுவையின் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. வெண்கலத்தில் வார்த்த ஒரு சிறிய நரித் தலை.

நம்மவர் ஏரைக் கும்பிடுவோம், மாட்டைக் கும்பிடுவோம், ஆயுதபூஜை அன்று வெட்டுக் கத்திக்கும் பொட்டு வைப்போம். ஆகவே நரிக்கு நன்றி சொன்ன மனிதனை நாம் வேடிக்கையாகப் பார்க்க மாட்டோம் என்று நினைக்கிறேன். நரிக்குத் தெரிந்து செய்த உதவியா அது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மாட்டுக்குத் தெரியுமா பொங்கல்?

இறந்த ஐவரையும் நியூவார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். அங்கே ஏறத்தாழ நானூறு போலந்து விமானப்படையினர் உறங்குகிறார்கள். போலந்தின் பிரதமராக இருந்த தளபதி சிக்கோர்ஸ்கி 1943இல் ஜிப்ரால்டரில் விமானம் விழுந்து இறந்தபோது, அவரையும் இந்தப் பையன்களுக்கு நடுவேதான் புதைத்தார்கள். 1993இல் அவர் உடலை எடுத்துப் போலந்துக்குக் கொண்டு சென்று கிராக்கோவ் நகரில், அந்நாட்டு மன்னர்கள் உறங்கும் வாவெல் தேவாலயத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், பெயரும் தேதியும் பொறித்த கற்களின் கீழே. இறந்தோர் திருநாள் வந்தால் போலந்துக்காரர்கள் கல்லறையில் விளக்கேற்றுவது வழக்கம். பெற்ற தாய் வந்து ஏற்ற முடியாத விளக்கை வேறு யாராவது வந்து ஏற்றுகிறார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டியின் அண்ணன் நினைவு வரும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, அவர் திரும்பவில்லை. பாதையில் எந்த இடம், எந்த நாள், கூட யார் இருந்தார்கள், ஒன்றும் இல்லை. பாட்டி ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அவருக்காக ஓர் இலை போடுவார். இலைக்கு முன்னால் வைக்க ஒரு படம்கூடக் கிடையாது. உங்கள் வீடுகளிலும் இப்படி ஓர் இலை இருந்திருக்கும். அவரோடு இருந்து பிழைத்து வந்தவர் யாராவது ஒருநாள் வாசலில் வந்து நிற்பார் என்று பாட்டி கடைசிவரை சடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பிழைத்து வந்த தாத்தா எவராவது உங்கள் குடும்பத்தில் சொல்லிவிட்டுப் போன பெயர்கள் இருந்தால், தயவுசெய்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஊர்ப் பெயரும் தோட்டத்தின் பெயரும் சேர்த்து எழுதுங்கள்.

வகுப்பில் இந்தப் பாட்டிக் கதையைச் சொல்லவில்லை. சிலுவையும் வெண்கல நரியும் வந்ததோடு நிறுத்திக்கொண்டேன். மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. அந்தச் சிறுமி மறுபடியும் கை தூக்கினாள்.

"சார், பசியோடே போச்சே அந்த நரி, அதுக்கு ஏதாச்சும் கிடைச்சதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்துவிட்டான். "எல்லாரும் அந்த ஆளைப் பார்க்க ஓடியிருப்பாங்க. கோழிக்கூட்டை யார் பார்த்தா?" என்றான்.